மூன்று வரிச் சீட்டு

திண்டிவனத்தில் படம் எடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் நாற்பது ஐம்பது பேர் கைப்பேசியில் ஒரு குரூப் நடத்துகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், மருந்துக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர் என்று பலதரப்பட்டவர்கள். பல் டாக்டர் ஷர்மிளாதான் குரூப்பைக் கவனித்துக்கொள்பவர். விழுப்புரத்தில் ஒரு கலர் லேபில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்ந்தவள் என்று யாரோ சொல்லி, என்னையும் அதில் சேர்த்துவிட்டார். "நீங்க எதுவும் எழுத வேணாம் மேடம், சும்மா பாத்தாலே போதும்" என்றார். சும்மா பார்ப்பது எனக்கு வராத வேலை என்று அவருக்குத் தெரியாது.

குரூப்பில் இரண்டே வகைக் கருத்துதான். ஒன்று 'சூப்பர்', 'செம', கூடவே தீ எரிகிற பொம்மை. இன்னொன்று, போட்டவர் மறுபடி கேமராவைத் தொடாதபடி நறுக்கென்று ஒரு வார்த்தை. போன மாதம் ஆட்டோக்காரர் தன் அம்மாவின் படத்தைப் போட்டிருந்தார். வாசற்படி ஓரமாக உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிறார் அந்த அம்மா. மடியில் கடலைத் தோல் குவிந்திருக்கிறது. மகன் கூப்பிட்டதும் நிமிர்ந்த நொடியில் எடுத்திருக்கிறார், கை மட்டும் இன்னும் உரித்துக்கொண்டே இருக்கிறது. நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதலாம் என்று யோசிப்பதற்குள் ஒருவர் எழுதிவிட்டார்: "முகம் டார்க்கா இருக்கு ப்ரோ. சரி பண்ணி போடுங்க."

பத்து நிமிடத்தில் படத்தைக் காணோம். அவரே நீக்கிவிட்டார்.

உடனே ஷர்மிளாவுக்குப் போன் செய்தேன். "அவரு தப்பா ஒண்ணும் சொல்லலியே மேடம், வெளிச்சம் கம்மிதான?" என்றார். கம்மிதான். அது எனக்கும் தெரிந்தது. "அப்ப நோகாம எப்படிச் சொல்றது? ஒங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, குரூப்ல போடறேன்" என்றார். நோகாமல் சொல்வது எப்படி என்று எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. நோகச் சொன்ன கதை ஒன்று இருக்கிறது, அதைத்தான் எழுத முடியும். ஆட்டோக்காரர் இதைப் படித்தால் தயவுசெய்து அந்தப் படத்தை மறுபடி போடுங்கள். நான் பார்த்து முடிக்கவில்லை.

பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் பாதியில் விட்டு, கலர் லேப் என்றால் என்னவென்றே தெரியாமல் அங்கே போய் நின்றவள் நான். ரயிலடிக்குப் பக்கத்தில் புதிதாக வந்த லேப். விழுப்புரத்திலேயே ஏசி போட்ட இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய காலம். வேலைக்குச் சேர்ந்த வாரம் அப்பா என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஏசியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். மருந்துத் தொட்டி, நெகட்டிவ் வெட்டுவது, மெஷினில் பிரிண்ட் போடுவது எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது மேனேஜர் சபாபதி சாரைப் பற்றி. வானூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு பேனா. எந்தப் படத்தையும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, தலைகீழாகத் திருப்பித்தான் முதலில் பார்ப்பார். என்னை வேலைக்கு எடுத்தபோதும் ஒரு படத்தைத் தலைகீழாகவே நீட்டினார். மொபெட் பக்கத்தில் ஒருவர் நிற்கும் படம்.

"இன்னா தெரியுது?"

"வெள்ளைச் சட்டை சார். அப்புறம் வண்டிக் கண்ணாடி."

"மூஞ்சி?"

"அது கடைசியாத்தான் தெரியுது."

"அதான். நேரா வச்சிப் பாத்தா மூஞ்சியப் பாத்து ஏமாந்துருவோம். கண்ணு எங்க ஓடுதுன்னு தலகீழா வச்சாதான் தெரியும். நாளைக்கி வந்துடு."

அப்போது சின்ன கேமராக்கள் வீடுகளுக்குள் வர ஆரம்பித்திருந்தன. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். தலை இல்லாத தாத்தா, ஆடிப்போன அத்தை, விரல் மறைத்த குழந்தை என்று ரோல் ரோலாக வரும். கழுவிக் கொடுத்தால் லேபைத் திட்டுவார்கள். "அவன் எடுத்தது தப்புன்னு அவனுக்கு யாரும் சொல்லல. அதனால தப்பு நம்ம மேல வருது" என்ற சபாபதி சார், ஒரு வழி கண்டுபிடித்தார். சொந்தமாக எடுப்பவர்களின் பிரிண்ட் கவருக்குள் ஒரு சின்னச் சீட்டு வைப்பது. எப்படி எடுத்தால் இன்னும் நன்றாக வரும் என்று அதில் எழுதுவது. கையெழுத்து நன்றாக இருந்ததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. யார் எழுதியது என்று சீட்டில் இருக்காது. நான் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே மெஷினோடு இருப்பேன், கவுண்டரில் வேறு பெண் இருப்பாள்.

சீட்டுக்கு மூன்று வரிதான். அதை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

"மொத வரி, நீ படத்துல பாத்தது. நல்லா இருக்குதுன்னு எழுதாத, அது பாக்காதவங்ககூட எழுதலாம். பாத்தத எழுது. ரெண்டாவது வரி, மாத்த வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ரெண்டா எழுதனா கேமராவ பீரோவுல வச்சிப் பூட்டிருவான். எப்டி மாத்தறதுன்னும் அதுலயே சொல்லிடு. மூணாவது வரி ஒரு கேள்வி. பதிலு அடுத்த ரோல்ல வரும்."

பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "மூஞ்சியப் பத்தி ஒரு எழுத்து எழுதக்கூடாது. மூஞ்சி அவங்க ஆத்தா அப்பன் குடுத்தது. வெளிச்சம்தான் எடுக்கறவன் குடுக்கறது. நமக்கு அதோட மட்டும்தான் பேச்சு."

சீட்டுப் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுத வேண்டும். நகல் நம்மிடம் இருக்கும். அதே ஆள் அடுத்த ரோல் கொண்டுவந்தால் பழைய நகலை எடுத்து, புதுப் படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் புதுச் சீட்டு எழுதலாம். முதல் மூன்று மாதம் என் சீட்டுகளில் பாதியைக் கிழித்துப் போட்டார். "'பேக்ரவுண்ட் சரியில்லை'ன்னு எழுதியிருக்கிற. அவன் வீடே அதான். வீட்டயா மாத்துவான்? நாலடி தள்ளி நிக்கச் சொல்லு." இப்படி.

அந்தச் சீட்டுகளால் நடந்த வேடிக்கையும் உண்டு. திண்டிவனத்தில் ஒரு பள்ளியின் ஆய்வக உதவியாளர், தன் பெண்குழந்தையை எப்போதும் மேலிருந்தே எடுப்பார். 'குழந்தை உங்களை அண்ணாந்து பார்க்கிறது. ஒரு படம் உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள். அவள் உயரத்திலிருந்து உங்கள் வீடு எப்படித் தெரியும்?' என்று எழுதினேன். மனிதர் உட்காரவில்லை, தரையில் படுத்தே விட்டார். அடுத்த ரோலில் கட்டிலின் அடிப்பக்கம், நாயின் வயிறு, மேஜைக்கடியில் ஒட்டிய சூயிங்கம் எல்லாம் வந்தன. நடுவில் ஒரே ஒரு படத்தில் அந்தக் குழந்தை, எதிரில் இருப்பவரைத் தனக்குச் சமமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. சபாபதி சார் அதைத் தலைகீழாகப் பார்த்தார், நேராகப் பார்த்தார், டீ வாங்கிக் கொடுத்தார். அவரிடமிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

இனி ஏழுமலையைப் பற்றி.

ஏழுமலை விழுப்புரம் – திண்டிவனம் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். ஊர் பிரம்மதேசம். பாண்டிச்சேரியில் யாரிடமோ பழைய கேமரா ஒன்று வாங்கியிருந்தார். முதல் ரோலில் முப்பத்தாறு படம். முப்பது படத்தில் ஒரே பெண், அவர் மனைவி. ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் சுவரில் முதுகை ஒட்டி, கையைத் தொங்கவிட்டு நிற்கிறார். முப்பதிலும் அப்படியே. நான் எழுதினேன்: 'அவர் உங்களை நம்பி நிற்கிறார். சுவரை விட்டு இரண்டடி முன்னால் வரச் சொல்லுங்கள். வீட்டில் அவர் வழக்கமாக எங்கே உட்காருவார்?'

அடுத்த ரோலில் அந்தப் பெண் புறக்கடைப் படியில் உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். பதில் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'முறத்தில் வெயில் விழுகிறது. இன்னும் கொஞ்சம் கிட்டே போய் எடுங்கள். அவர் எதற்குச் சிரிப்பார்?' என்று எழுதினேன். மூன்றாம் ரோலில் ஆடு ஒன்று பஸ் டிக்கெட் கட்டைத் தின்கிறது, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். ஏழுமலை கை ஆடி, படம் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் அதை இரண்டு பிரிண்ட் போட்டு ஒன்றை என் டிராயரில் வைத்துக்கொண்டேன். அது தப்புதான்.

இப்படி ஏழு வருடம். மாதம் ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று ரோல் வரும். செவ்வாய்க்கிழமை மதியம் டிரிப் இடைவேளையில் ஏழுமலை கவுண்டருக்கு வருவார். "இன்னாம்மா, சீட்டு ரெடியா?" என்பார். படம் ரெடியா என்று கேட்டதே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் எனக்கு அந்தக் குரல் கேட்கும். கவரைப் பிரிக்க மாட்டார், அப்படியே தோல்பைக்குள் வைத்துக்கொண்டு ஓடுவார்.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டென்று தெரியும். ஒரு காதின் கம்மல் காணாமல் போனதும், எட்டு மாதம் கழித்து வேறு கம்மல் வந்ததும் தெரியும். காய்ச்சலில் கிடந்து எழுந்தது தெரியும். என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் முகத்தை நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. நான் எழுதினால் அவர் இடம் மாறி உட்கார்ந்தார், கேட்டால் அடுத்த படத்தில் பதில் சொன்னார். வாயால் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவோ பேரோடு எவ்வளவோ பேசியிருக்கிறேன், அந்தப் பேச்சுக்கு ஏங்குவதுபோல் எதற்கும் ஏங்கியதில்லை.

அதை நானே கெடுத்தேன்.

தை மாதம். கல்யாண ரோல்கள் மூட்டையாக வந்து கிடந்தன. சாப்பிடக்கூட நேரமில்லாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஏழுமலையின் ரோலும் அதில் வந்தது. திறந்த கதவுக்கு முன்னால் மனைவியை நிறுத்தி எடுத்திருந்தார். பின்னால் நல்ல வெயில். இப்படி வந்தால் மெஷின் ஏமாறும். வெயிலைக் கணக்குப் போட்டு முகத்தை இருட்டாக்கிவிடும். இயக்குபவர் ஒரு பட்டனை இரண்டு தடவை அழுத்தி வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு நொடி வேலை. நான் அழுத்தவில்லை. ரோல் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிட்டேன். சீட்டுக்கும் நேரமில்லை. பழைய நகலை எடுக்கவில்லை, தலைகீழாகத் திருப்பவில்லை. லேபுக்குள் நாங்கள் பேசிக்கொள்கிற பேச்சை அப்படியே எழுதினேன். வெளிச்சம் குறைந்த படத்தை 'மூஞ்சி கறுப்பு' என்போம், எங்களுக்கு அது மெஷின் பாஷை. மூன்று வரி எழுத வேண்டிய இடத்தில் ஒரே வரி.

'முகம் கறுப்பு. அடுத்த முறை சரி செய்யவும்.'

எழுதியவள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் கறுப்புதான். பெண் பார்க்கக் கொடுக்க எனக்கு எடுத்த படத்தில், ஸ்டூடியோக்காரர் கேட்காமலே வெளுப்பாக்கிக் கொடுத்தார். படத்தைப் பார்த்து வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, பஜ்ஜியைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். எழுதும்போது எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

அடுத்த ரோல் சீக்கிரமே வந்தது. அந்தப் பெண் மறுபடி சுவரில் முதுகை ஒட்டி, கையைத் தொங்கவிட்டு நின்றிருந்தார். முகம் முழுக்கப் பவுடர். அப்பிக்கிடந்தது. கழுத்து அவர் நிறத்தில் இருந்தது, முகம் மட்டும் சுண்ணாம்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவுண்டர் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் சிரித்தாள். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் கூச்சம்.

சத்தம் கேட்டு சபாபதி சார் வந்தார். படத்தை வாங்கினார். அன்று அதைத் தலைகீழாகத் திருப்பவில்லை. "போன சீட்டு நகல எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். படித்தார். சீட்டுப் புத்தகத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் குரல் உயரவே இல்லை.

"நீ இதுல கேள்வி ஒண்ணும் கேக்கல. இருந்தாலும் அந்தம்மா பதில் குடுத்துருக்குது, பாத்தியா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கழிப்பறைக்குள் போய் அழுதேன். திரும்பி வந்து, "கண்டக்டர் வந்தா நானே சொல்லிடறேன் சார்" என்றேன்.

"வேணாம். நீ அழுவ, அந்தாளு பரவால்லம்பான். சீட்டுல ஆனது, சீட்டுலயே எழுது."

போன முறை நெகட்டிவைக் கவுண்டர் பெண் மூலம் ஏழுமலையிடம் கேட்டு வாங்கி, பட்டனை அழுத்தி, எல்லாப் படத்தையும் புதிதாகப் போட்டேன். முகம் தெளிவாக வந்தது. கூடவே எழுதினேன்: 'போன முறை நான் சொன்னது வெளிச்சத்தைப் பற்றி, அதையும் தப்பாகச் சொன்னேன். குறை பிரிண்ட் போட்டதில் இருந்தது, இதோ சரியான படங்கள். என்னை மன்னிப்பாரா?'

பதில் அடுத்த ரோலில் வந்தது. முப்பத்தாறு படம். பிரம்மதேசத்துக் கோயில் கோபுரம், ஏரிக்கரை, ஆடு, பஸ், டிரைவர். முகம் இல்லை. அதற்கடுத்த ரோலிலும் இல்லை. செவ்வாய்க்கிழமை கவுண்டர் பெண் கேட்டாள், "இன்னா அண்ணே, வூட்ல அண்ணி படமே காணோம்?"

"அது நிக்க மாட்டேங்குதும்மா" என்றார் ஏழுமலை. அன்று சீட்டு ரெடியா என்றும் கேட்கவில்லை.

சில மாதத்தில் அவருக்கு ரூட் மாறிவிட்டது. திண்டிவனத்திலேயே ரோல் கழுவிக்கொள்கிறார் போலிருக்கிறது என்றார்கள். பிறகு பிலிமே போய்விட்டது. லேப் ஆல்பம் அடிக்கும் இடமாக மாறியது, நானும் கம்ப்யூட்டர் முன்னால் மாறி உட்கார்ந்தேன். சபாபதி சார் காலமானார். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் படித்து, வேலையும் முடிந்தது. பஸ்ஸில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே போனாலும் இடது புருவத்தில் தழும்பு உள்ள பெண்ணைக் கண் தேடும். போய்ப் பார்த்திருக்கலாம். பிரம்மதேசம் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. பயம்தான்.

ஆட்டோக்காரர் தன் அம்மா படத்தைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்ட அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் காலை திண்டிவனம் போய், அங்கிருந்து பிரம்மதேசம் பஸ் ஏறினேன். அந்த முகத்தை ஒரு தடவையாவது நல்ல வெளிச்சத்தில் நானே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று மனதில் ஒரு திட்டம். பையில் கைப்பேசியை முழுச் சார்ஜோடு வைத்திருந்தேன்.

கண்டக்டர் வீடு என்றதும் காட்டிவிட்டார்கள். வாசலில் ஆட்டுக்குட்டிக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தலை நரைத்து, கன்னம் ஒட்டி, நிறையச் சுருக்கம் விழுந்திருந்தது. தழும்பு அதே இடத்தில் இருந்தது. கண்டக்டர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டேன்.

"அவரு போயி ரெண்டு வருசம் ஆவுதே. நீ யாரும்மா?"

"விழுப்புரம் லேப்புல சீட்டு எழுதிக்கினு இருந்தது நான்தான்க்கா."

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். "ஆம்பளன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தோம்" என்றார். பிறகு, "நீயும் என் கலருதான்" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பச்சையம்மாள் என்பது அவர் பெயர். உள்ளே கூட்டிப்போய் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். நான் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். பின்னால் வெயில் இருந்தது, மெஷின் ஏமாந்தது, பட்டனை அழுத்தாமல் விட்டேன், உங்கள் முகத்தில் ஒரு குறையும் இல்லை என்று.

"தப்பு பட்டன்லயா இருந்துது?" என்று கேட்டார்.

"இல்லக்கா. நான் எழுதனதுல."

"ஆங்" என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அதன்பிறகுதான் அவரே பேசினார். ஏழுமலை கவரை வழியில் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவாராம். படத்தை அவர் பார்ப்பார், சீட்டை மனைவியிடம் கொடுத்து, 'நீ படி' என்பாராம். பச்சையம்மாள் எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பார். 'கிட்டே போய் எடுங்கள்' என்றிருந்தால் ஏழுமலை கிட்டே வர, 'வழக்கமாக எங்கே உட்காருவார்' என்றிருந்தால் இவர் போய் உட்கார, வீடே சீட்டுப்படி நடக்குமாம். சீட்டு எடுப்பவருக்குத்தான் என்று நான் ஏழு வருடமும் நினைத்திருந்தேன். படத்தில் நிற்பவர்தான் அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் நான்தான் படிச்சேன். அவரு புடுங்கி அடுப்புல போட்டாரு. படிச்சது படிச்சதுதான. சரி செய்யவும்னு எழுதியிருந்துது. எப்டின்னு எழுதல. எனக்குத் தெரிஞ்சத பண்ணேன். திண்டிவனத்துல பவுடரு வாங்கியாரச் சொன்னேன். அவரு வேணாம் வேணாம்னாரு."

அவர் எழுந்து சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார். ஏழுமலை. காக்கிச் சட்டை, தோளில் தோல்பை. படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, நெற்றிக்கு மேல் தலை வெட்டுப்பட்டிருந்தது. மனிதர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணோரம் ஈரம் வரும் அளவுக்கு.

"நான் எடுத்தது. நான் நிக்க மாட்டேன், நீ நில்லுன்னு கேமராவ வாங்கிக்கினேன். இது ஒண்ணுதான் ஒழுங்கா வந்துது. அப்ப சீட்டு எழுத யாரும் இல்ல. இப்ப எழுது."

நாள்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். அப்போதும் கண் முதலில் அந்தச் சிரிப்புக்குத்தான் போனது. மெதுவாக எழுதினேன்.

'இவர் எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார், கேமராவைப் பார்த்து அல்ல. ஓரடி பின்னால் நகர்ந்தால் தலைக்கு மேல் இடம் கிடைக்கும். எடுக்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்?'

தாளை வாங்கி, விரல் வைத்து எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். மூன்றாம் வரியை முடித்ததும் நிமிர்ந்தார். ஏழு வருடம் நான் படத்தில் மட்டுமே பார்த்த அதே வாய் பொத்திய சிரிப்பு.

"'முகம் கறுப்பு. அடுத்த முறை சரி செய்யவும்'னு சொன்னேன். அதான் அப்டி சிரிக்கறாரு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. தாளை நான்காக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பெட்டிக்குள் போட்டார். அதற்குள் என் பழைய சீட்டுகள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். பைக்குள் கையை விட்டுக்கொண்டே கேட்டேன்.

"ஒரே ஒரு படம் எடுத்துக்கட்டாக்கா?"

"நான் அவருக்குத்தான் நின்னேன்" என்றார். "ஒனக்கு எதுக்குப் படம்? அதான் நேர்ல பாத்துக்கினு இருக்கியே."

கைப்பேசியைப் பைக்குள்ளேயே விட்டேன். ஜன்னல் பக்கமிருந்து நல்ல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணி பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.